"தீர்வு செய்யப்பட்டது": மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர்களுக்கு,

வணக்கம்.

அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று எழுதியே பழகிய கை இது. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றேன். அதில் பதினோரு ஆண்டுகள் மனுப் பிரிவில் இருந்தேன். இந்த மடலுக்கு ந.க.எண், அதாவது அலுவலகக் கோப்பு எண், கிடையாது. ஆகவே இதை யாரும் எந்தப் பிரிவுக்கும் 'மேல் நடவடிக்கைக்காக' அனுப்பிவிட முடியாது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

முப்பத்தெட்டு பேருக்கும் சேர்த்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. என் மாவட்டத்தின் பெயரைச் சொன்னால், இங்கே ஓர் ஊராட்சி செயலரை இடமாற்றம் செய்து விஷயத்தை முடித்துவிடுவார்கள். எனக்கு அவருடைய இடமாற்றம் வேண்டாம். அவர் போய் இன்னொருவர் வந்தாலும் இதேதான் நடக்கும்.

எங்களுடையது ஊரின் கடைசித் தெரு. மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் நான்கு தெருக்களைத் தாண்டி எங்களிடம் வந்து முடிகிறது. அதன் கடைக்கோடியில் தனியாக ஒரு பெண்மணி இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டியவர், எனக்கு அக்கா முறை. காலை ஐந்தரைக்குத் தண்ணீர் திறப்பார்கள், ஆறரைக்கு மூடிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் மேல் தெருக்களில் ஏழெட்டு வீடுகளில் மோட்டார் ஓடும். குழாயில் நேராக இணைத்த சின்ன மோட்டார்தான், கையில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அது ஓடும்போது அக்கா வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. ஒரு நாள் என்னை அழைத்து, "தம்பி, விரலை வைத்துப் பாருங்கள்" என்றார். வைத்தேன். குழாய் என் விரலை உள்ளே இழுத்தது. தண்ணீர் கொடுக்க வேண்டிய குழாய் காற்றை உறிஞ்சிக்கொண்டிருந்தது. குழாயில் எங்காவது விரிசல் இருந்து, பக்கத்தில் சாக்கடையும் ஓடினால் காற்றோடு வேறு என்னவெல்லாம் உள்ளே போகும் என்பதைச் சுகாதாரத் துறையினரிடம் கேட்டால் சொல்வார்கள்.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல்படி ஊரகத்தில் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் கிடைக்க வேண்டும். அக்கா வீட்டு வாசலில் குழாய் இருக்கிறது. கணக்கில் அது இணைப்பு பெற்ற வீடு. அவருக்குக் கிடைப்பது, மோட்டார்கள் நின்ற பிறகு ஆறு இருபதிலிருந்து ஆறரை வரை சொட்டும் மூன்று குடம்.

ஊராட்சி அலுவலகத்தில் இரண்டு முறை வாய்மொழியாகச் சொன்னோம், ஒரு முறை எழுதிக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு தரவில்லை. பிறகுதான் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம். மனுவை நானே எழுதினேன். ஒரு பக்கம், ஒரே பொருள், மோட்டார் ஓடும் தெருக்களின் பெயர், தண்ணீர் விடும் நேரம். மனு எழுதுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஆட்சியர் அலுவலக வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிக் கொடுப்பவர்கள் "தங்கள் பொற்பாதங்களில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்" என்று தொடங்கிப் பட்டா, முதியோர் உதவித்தொகை, மருமகளோடு தகராறு எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டு, நகலைக் குடியரசுத் தலைவர் வரைக்கும் அனுப்பச் சொல்வார்கள். அப்படிப்பட்ட மனுவை எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று தெரியாமல் எத்தனையோ மாலைகள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அக்காவின் மனுவில் அந்தக் குறை எதுவும் கிடையாது.

நுழைவாயிலில் காவலர்கள் ஒவ்வொருவர் பையையும் பார்த்தார்கள். அக்காவின் பையில் இருந்த பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, ஒரு பெண் காவலர் முகர்ந்து பார்த்தார். தண்ணீர்தான். தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுக்கப் போகிறவர், தன்னிடம் இருப்பது தண்ணீர்தான் என்று நிரூபித்துவிட்டு உள்ளே போனார். அந்தக் காவலரைக் குறை சொல்ல மாட்டேன். 2017 அக்டோபர் 23, ஒரு திங்கட்கிழமை, நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு தந்தையும் தாயும் இரண்டு சின்னப் பெண் குழந்தைகளும் தீயில் கருகிய காட்சியைப் பார்த்த மாநிலம் இது. அவர்கள் அன்றைக்கு முதல் முறையாக வந்தவர்கள் அல்லர். அதற்கு முன்பே பலமுறை மனு கொடுத்திருந்தார்கள். அதற்குப் பின் வாசலில் பாட்டில்களைச் சோதிப்பதில் கவனம் கூடியது. முந்தைய மனுக்களுக்கு என்ன பதில் போனது என்று சோதிப்பதிலும் அதே கவனம் கூடியிருக்க வேண்டும் என்பது என் கட்சி.

உள்ளே எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. கணினியில் பதிந்து எண் கொடுத்தார்கள். நாற்காலி இருந்தது. ஆட்சியர் மனுவை வாங்கிப் படித்து, ஓரத்தில் பச்சை மையில் ஒரு வரி எழுதி, பக்கத்தில் இருந்த அலுவலரிடம் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா அதையேதான் சொல்லிக்கொண்டு வந்தார்: "தம்பி, அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்." உங்களில் பலர் அப்படிப் பார்க்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். காலையிலிருந்து நூற்றுக்கணக்கான மனுக்களை வாங்கி, மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டு உட்கார்ந்திருக்கும் ஆட்சியர்களைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். நீங்கள் பார்க்காதது, அந்தத் தாள் உங்கள் மேசையை விட்டு இறங்கிய பிறகு போகும் வழி.

அது உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. அவரிடமிருந்து ஊராட்சி செயலருக்கு. அதாவது, நாங்கள் யார்மீது குறை சொன்னோமோ அவர் கைக்கே வந்து சேர்ந்தது.

இருபத்து மூன்றாம் நாள் அவர் அக்காவின் வாசலில் வந்து நின்றார். மனுவின் நகல் கையில் இருந்தது. "என்மேலேயே கலெக்டரிடம் எழுதிக் கொடுத்துவிட்டீர்களே" என்றார். அதட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அக்காவுக்கு அதுதான் அதிகம் உறுத்தியது. உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்திருக்கிறார். விசாரணைக்கு வந்ததற்கு அடையாளமாக ஒரு தாளில் கையெழுத்து கேட்டார், அக்கா போட்டுக் கொடுத்தார். அந்தச் செயலர்மீதும் எனக்குக் கோபம் இல்லை. மோட்டார் ஓடும் வீடுகளில் ஒன்று ஊரில் யாரும் எதிர்த்துப் பேசாதவருடையது. செயலருக்கும் அதே ஊரில்தான் குடும்பம், பிள்ளைகள். அவரிடம் போய், "நீ செய்யாத வேலையை நீ செய்யவில்லை என்று நீயே விசாரித்து எழுதிக் கொடு" என்று கேட்டவர்கள்மீதுதான் கோபம்.

நான்கு நாள் கழித்து, பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசிக்கு, மனுவில் நாங்கள் கொடுத்திருந்த எண் அதுதான், குறுஞ்செய்தி வந்தது: மனு தீர்வு செய்யப்பட்டது. பின்னாலேயே தபாலில் பதில். "மேற்படி தெருவில் குடிநீர் சீராக வழங்கப்பட்டு வருகிறது. மனுதாரரை நேரில் விசாரித்ததில் திருப்தி தெரிவித்தார்." மோருக்கும் கையெழுத்துக்கும் பொருள் அப்போதுதான் புரிந்தது.

பழைய புத்தி சும்மா இருக்கவில்லை. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கள ஆய்வு அறிக்கையின் நகலைக் கேட்டேன். முப்பது நாள் கெடுவில் இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. கள ஆய்வு அறிக்கை என்று தனியாக எதுவும் கோப்பில் இல்லையாம். அக்கா கையெழுத்துப் போட்ட தாளின் நகல் மட்டும் இணைத்திருந்தார்கள். அதில் கையெழுத்துக்கு மேலே இருந்த வாக்கியங்கள் வேறொரு பேனாவில் எழுதப்பட்டிருந்தன.

இனி என் பங்கைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதிலின் நடை எனக்கு அந்நியமானது அல்ல. "மனுதாரரின் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது", "விதிகளுக்குட்பட்டு ஆவன செய்யப்படும்", "சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அறிவுறுத்தப்பட்டுள்ளது." இவற்றை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன், பிறருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை. ஆய்வுக் கூட்டத்தில் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: நிலுவை எத்தனை? பூஜ்யம் என்று சொல்ல முடிந்தால் அன்றைக்குத் தப்பித்தோம். பூஜ்யம் எப்படி வந்தது என்று ஒரு கூட்டத்தில்கூட யாரும் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்கு எந்த எழுத்தரும் பதில் தயாரித்து வைத்திருக்க மாட்டார்.

ஒரு விவசாயி. வண்டிப்பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார்கள் என்று மனு கொடுத்துக்கொண்டே இருந்தார். ஏழு முறை அதை நான் முடித்து வைத்தேன். எட்டாவது முறை நேராக என் மேசைக்கு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து என் ஏழு பதில்களையும் எடுத்து, தேதி வரிசைப்படி மேசையில் பரப்பினார். தேதியைத் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. ஐந்தாவது பதிலில் ஊர்ப் பெயரில் ஒரு பிழை விட்டிருந்தேன், ஆறிலும் ஏழிலும் அதே பிழை இருந்தது. "ஐயா, எட்டாவதிலாவது ஊர்ப் பெயரைத் திருத்திவிடுங்கள்" என்று மட்டும் சொன்னார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. திருத்தினேன். வேலி நான் ஓய்வு பெறும்போதும் அங்கேயே இருந்தது.

விதிகள் இல்லாமல் இல்லை. குடிமகன் தன் குறையை எந்த அலுவலருக்கும், மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆவது பிரிவு சொல்கிறது. பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 2015 செப்டம்பர் 21ஆம் தேதி அரசாணை எண் 99, மனுவுக்கு மூன்று நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு என்று வரையறுத்தது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், நிர்வாக முடிவால் பாதிக்கப்படுகிறவருக்குக் காரணத்தைத் தானாகவே தெரிவிக்க வேண்டும் என்று 4(1)(ஈ) பிரிவில் சொல்கிறது. முதல்வரின் முகவரித் துறை இருக்கிறது, 1100 என்ற எண் இருக்கிறது, மக்களுடன் முதல்வர், உங்களுடன் ஸ்டாலின் என்று முகாம்கள் நடந்திருக்கின்றன. வாங்கும் வாசல்களுக்குக் குறைவே இல்லை. மறுநாள் செய்தித்தாளிலும் 'மொத்தம் இத்தனை மனுக்கள் பெறப்பட்டன' என்றுதான் வருகிறது. ஆனால் எந்த வாசலில் போட்டாலும் தாள் உருண்டு வந்து சேரும் பள்ளம் ஒன்றுதான். 1100க்கும் ஒரு முறை பேசிப் பார்த்தோம். மரியாதையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள். பன்னிரண்டாம் நாள் அதே செயலர் அதே வாசலில். இந்த முறை அக்கா மோர் கொடுக்கவில்லை.

இப்போது இது இன்னும் சிக்கலாகியிருக்கிறது. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கிராம ஊராட்சிக்குத் தனி அலுவலர் வட்டார வளர்ச்சி அலுவலர்தான். ஆக, ஊராட்சியின் பொறுப்பில் இருப்பவரும் அவரே, ஊராட்சிமீது வரும் புகாரை விசாரிக்க நீங்கள் அனுப்பி வைப்பதும் அவருக்கே. 2016 இறுதியிலிருந்து மூன்று ஆண்டுக்கு மேல் இதே நிலை இருந்தபோது நான் பணியில் இருந்தேன். வார்டு உறுப்பினர் என்று ஒருவர் இருந்தால் தெருவில் மறித்துக் கேட்கலாம், அடுத்த தேர்தலைச் சொல்லி மிரட்டவும் செய்யலாம். அவர் இல்லாத ஊரில் தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பஸ் ஏறி உங்களிடம் வரவேண்டியிருக்கிறது. திங்கட்கிழமைக் கூட்டம் பெருகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாம் நடத்தும் முகாமுக்கு மனுநீதி நாள் என்று பெயர். அந்தச் சோழன் கதையை ஆரூர்ப் பக்கத்துக் குழந்தையும் சொல்லும். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் அவனுக்குச் சிலைகூட இருக்கிறது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் இறங்கி வந்தான், கேட்டான். குற்றம் செய்தவன் தன் மகன் என்று தெரிந்தபின், தண்டனையை நிறைவேற்றும் வேலையை அமைச்சரிடம் விட்டான். அமைச்சரால் முடியவில்லை, உயிரை விட்டார். கடைசியில் அரசனே தேரேறினான். அந்தத் தண்டனை சரியா என்பது வேறு வழக்கு. நான் சொல்ல வருவது, மணி அடித்த பசுவின் புகாரை 'உரிய நடவடிக்கைக்காக' இளவரசனுக்கே அவன் அனுப்பி வைக்கவில்லை என்பதை மட்டும்தான்.

எனவே கேட்கிறேன். புகார் எந்த அலுவலகத்தின்மீதோ அந்த அலுவலகத்திடமிருந்து விளக்கம் வாங்குங்கள், தவறில்லை. விசாரணையை வேறொருவரிடம் கொடுங்கள். பக்கத்து ஒன்றியத்தின் துணை வட்டார வளர்ச்சி அலுவலர் ஒரு காலை வேளையில் வந்து பார்த்தால் போதும். ஆள் இல்லை, வண்டி இல்லை, எல்லா மனுவுக்கும் இப்படிச் செய்ய முடியாது என்பீர்கள். உண்மைதான். எல்லாவற்றுக்கும் வேண்டாம். உதவித்தொகை கேட்டும் சான்றிதழ் கேட்டும் வருகிற மனுக்கள் போகிற வழியிலேயே போகட்டும், அவற்றில் யாரும் யார்மீதும் குறை சொல்லவில்லை. ஓர் அலுவலரின் செயலையோ செயலின்மையையோ சுட்டும் மனுக்களை மட்டும் பிரித்தால் கட்டு பாதிக்கும் கீழே குறைந்துவிடும். பதினோரு ஆண்டுகள் பிரித்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முடிப்பதற்கு முன் மனுதாரரிடம் கேளுங்கள். அவர் கையெழுத்தை வாங்குவதும் அவரிடம் கேட்பதும் ஒன்றல்ல. உங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு: "உங்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா?" இல்லை என்றால், அந்த மனு நிலுவையிலேயே இருக்கட்டும். நிலுவை கூடும். கூடட்டும். நாற்பது நிலுவை என்று உண்மையைச் சொல்லும் அலுவலரை ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் திட்டாமல் இருந்தாலே, பூஜ்யம் என்று பொய் சொல்கிறவர்கள் பாதி திருந்திவிடுவார்கள்.

பதில் கடிதத்தில் யார் வந்தார், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன பார்த்தார் என்பவை இருக்கட்டும். பெயரும் நேரமும் போட்டு எழுத வேண்டியிருந்தால் கை தானாகத் தயங்கும். எனக்குத் தயங்கியிருக்கும்.

ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே வரவு செலவைப் படிக்கிறார்கள், திட்டப் பயனாளிகள் பட்டியலைப் படிக்கிறார்கள். அந்த ஊரிலிருந்து குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, பாதை பற்றி வந்த மனுக்களையும் அவற்றுக்குப் போன பதில்களையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். மனுதாரர் பெயர் வேண்டாம், அது அவருக்கு வம்பாகப் போய் முடியலாம். தெருப் பெயர் போதும். "கடைசித் தெருவில் குடிநீர் சீராக வழங்கப்பட்டு வருகிறது" என்ற வாக்கியத்தைக் கடைசித் தெருக்காரர்கள் முன்னால் ஒலிபெருக்கியில் படிக்க ஒருவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

வருகிற திங்கட்கிழமை அக்காவும் நானும் மறுபடியும் எங்கள் ஆட்சியரிடம் வருகிறோம். இது நான்காவது மனு. முந்தைய எண்கள் எல்லாவற்றையும் 'பார்வை'யில் குறித்திருக்கிறேன், ஊர்ப் பெயரை இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். விசாரணைக்கு யாரை அனுப்பினாலும் சரி, அவரைக் காலை ஐந்தரைக்கு வரச் சொல்லுங்கள். பதினொரு மணிக்கு ஜீப்பில் வந்தால் மோட்டார்கள் எல்லாம் பரணில் இருக்கும், ஐந்து தெருக் குழாய்களும் ஒன்றுபோலவே காய்ந்திருக்கும். ஐந்தரைக்கு வந்தால் அறிக்கைகூடத் தேவைப்படாது. குழாயில் விரலை வைத்துப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு மனுப் பிரிவுக் கண்காணிப்பாளர்